உழுந்து மூடையும் உழுந்து வடையும்: கட்சிகளும் இறக்குமதித் தீர்வையும்



சில வாரங்களுக்கு முன் புளியங்குளத்தில் எனது கடை வாசலில் ஒரு வாக்குவாதம் நடந்தது. நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு விவசாயி உழுந்து மூடைகளோடு வந்திருந்தார். சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் தம்பி, வடைக்கு உழுந்து வாங்க வந்திருந்தார்.

விவசாயி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நானா, வெளிநாட்டு உழுந்தை இறக்க விட்டால் நாங்கள் என்னத்துக்கு வயலில இறங்கிறது? வரியைக் கூட்டித்தான் வைக்க வேணும்."

தேநீர்க்கடைத் தம்பி விடவில்லை. "அண்ணை, உங்களுக்கென்ன? நான் வடையை என்ன விலைக்கு விக்கிறது? போன வருஷம் பார்த்த வடையில பாதிதான் இப்ப பிளேட்டில கிடக்கு. வரியை எடுத்தால்தான் நாங்கள் தப்பலாம்."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்கள் சொல்லுங்கோ நானா, எது நியாயம்?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவரிடம் நான் வாங்குகிறேன், மற்றவருக்கு விற்கிறேன். இருவருக்கும் என் கொப்பியில் கணக்கு இருக்கிறது. ஆனால் அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். இந்த இருவர் பேசிய பேச்சைத்தான் அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகள் ஒரு நூற்றாண்டு முழுவதும் பேசின. நமது நாட்டிலும் சுதந்திரத்துக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு கட்சியும் இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதில்களுக்கு இடையில்தான் நமது கடைகள் ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றன. ஆகவே இந்த வாரம் அதைப் பற்றிப் படிப்போம்.

தீர்வை என்ன செய்கிறது?

முதலில் அடிப்படையை விளங்கிக்கொள்வோம். உதாரணத்துக்கு, வெளிநாட்டு உழுந்து ஒரு கிலோ துறைமுகத்துக்கு வந்து சேரும்போது 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்கம் கிலோவுக்கு 300 ரூபாய் தீர்வை போடுகிறது. இறக்குமதியாளருக்கு அடக்கம் 800 ரூபாய். அப்போது நமது வன்னி உழுந்துக்கும் சந்தையில் 800 ரூபாய் அளவில் விலை கிடைக்கும்.

இந்த 300 ரூபாயைக் கொடுப்பது யார்? வாங்குபவர். வெளிநாட்டு உழுந்தை வாங்கினாலும் கொடுக்கிறார், உள்நாட்டு உழுந்தை வாங்கினாலும் கொடுக்கிறார். பெறுவது யார்? வெளிநாட்டுச் சரக்கில் அது திறைசேரிக்குப் போகிறது. உள்நாட்டுச் சரக்கில் அது விவசாயிக்குப் போக வேண்டும். வழியில் தரகர் பிடித்துக்கொள்ளாவிட்டால் போகும்.

இப்போது தீர்வைக்குப் பதிலாக இறக்குமதியையே தடை செய்தால் என்ன நடக்கும்? விலை 800 ரூபாயில் நிற்காது. எவ்வளவு தட்டுப்பாடோ அவ்வளவுக்கு ஏறும். திறைசேரிக்கு ஒரு சதமும் வராது. ஏறிய பணம் முழுவதும் அந்த நேரத்தில் யார் கையில் சரக்கு இருக்கிறதோ அவருக்குப் போகும். அறுவடை நேரத்தில் விற்றுவிட்ட ஏழை விவசாயியின் கையில் அது இருப்பதில்லை. தீர்வைக்கும் தடைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை வியாபாரிகளான நாம் மறந்துவிடக் கூடாது.

அரசாங்கங்கள் மூன்று காரணங்களுக்காகத் தீர்வை போடுகின்றன. ஒன்று, வருமானம். இரண்டு, உள்நாட்டு உற்பத்திக்குப் பாதுகாப்பு. மூன்று, டொலரை மிச்சப்படுத்தல். எந்தக் காரணத்தைச் சொன்னாலும், அதனால் ஒருவர் லாபம் அடைவார், இன்னொருவர் விலை கொடுப்பார். கட்சி அரசியல் அங்கேதான் நுழைகிறது.

அமெரிக்காவின் நூறு வருடச் சண்டை

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மத்திய அரசாங்கத்துக்கு நிரந்தர வருமான வரி இருக்கவில்லை. அது 1913ல்தான் வந்தது. அதுவரை அரசின் வருமானத்தில் பெரும் பகுதி சுங்கத்தில் இருந்தே வந்தது. ஆகவே தீர்வை எவ்வளவு என்பதே தேர்தலின் பெரிய கேள்விகளில் ஒன்றாக இருந்தது.

வடக்கு மாநிலங்களில் துணி ஆலைகளும் இரும்புத் தொழிலும் வளர்ந்தன. பிரித்தானியத் துணியும் இரும்பும் மலிவாக வந்தால் அவர்கள் நிற்க முடியாது. எனவே தீர்வையைக் கூட்டக் கேட்டார்கள். தெற்கு மாநிலங்கள் அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைவித்துப் பிரித்தானியாவுக்கு விற்றன. தமக்கு வேண்டிய சாமான்களை வெளியே இருந்து மலிவாக வாங்க விரும்பின. எனவே தீர்வையைக் குறைக்கக் கேட்டார்கள். ஹென்றி கிளேயின் விக் கட்சி உயர்ந்த தீர்வையின் பக்கம் நின்றது. ஜனநாயகக் கட்சி பெரும்பாலும் குறைந்த தீர்வையின் பக்கம் நின்றது.

1828ல் மிக உயர்ந்த தீர்வைச் சட்டம் ஒன்று வந்தது. தெற்கே அதை 'அருவருப்பான தீர்வை' என்றே அழைத்தார்கள். 1832ல் தென் கரோலினா மாநிலம் அந்தத் தீர்வைகள் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. ஜனாதிபதி ஜக்சன் தெற்கைச் சேர்ந்தவர்தான். ஆனாலும் படையை அனுப்பவும் தயாரானார். 1833ல் படிப்படியாகத் தீர்வையைக் குறைப்பது என்ற சமரசத்தில் அந்தப் பிரச்சினை அடங்கியது. பின்னர் வந்த உள்நாட்டுப் போருக்கு மூல காரணம் அடிமை முறை. ஆனால் சுங்கத் தீர்வை ஒரு நாட்டை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 1832 ஒரு பாடம்.

1846ல் ஜனநாயகக் கட்சி தீர்வையைக் குறைத்தது. 1861க்குப் பின் குடியரசுக் கட்சி அதை மீண்டும் ஏற்றியது. 1887 டிசம்பரில் ஜனாதிபதி கிளீவ்லன்ட் காங்கிரஸுக்கு அனுப்பிய வருடாந்தச் செய்தி முழுவதையும் தீர்வைக் குறைப்புக்கே ஒதுக்கினார். 1888 தேர்தலில் அதிக வாக்குகள் பெற்றும், தேர்வாளர் தொகையில் பின்தங்கி அவர் தோற்றார். வென்ற குடியரசுக் கட்சி 1890ல் மெக்கின்லி சட்டத்தின் மூலம் தீர்வையைச் சராசரியாக 50 வீதத்துக்குக் கிட்ட ஏற்றியது. அடுத்த மாதமே தேர்தல். கடைகளில் விலை ஏறுகிறது என்ற பேச்சு வாக்குச்சாவடி வரை போனது. குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. மெக்கின்லியே தன் ஆசனத்தை இழந்தார். ஆனால் 1896ல் அதே மெக்கின்லி ஜனாதிபதியாகத் தெரிவானார். மறுவருடம் தீர்வை மீண்டும் ஏறியது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி லூசியானா. அது தெற்கு மாநிலம், ஜனநாயகக் கட்சியின் கோட்டை. கட்சிக் கொள்கைப்படி குறைந்த தீர்வையைக் கேட்க வேண்டும். ஆனால் அங்கே விளைவது கரும்பு. ஆகவே சீனிக்கு மட்டும் தீர்வை வேண்டும் என்று நின்றார்கள். கட்சியை விடப் பயிர் பெரிது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நமது நாட்டில்: 1970 முதல் 1977 வரை

இனி நமது பக்கம் வருவோம். நமது நாட்டில் இந்த இரண்டு நிலைப்பாடுகளையும் ஏந்தி நின்றவை ஐக்கிய தேசியக் கட்சியும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் ஆகும்.

1970 மே மாதம் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க, இடதுசாரிக் கட்சிகளோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தார். சமசமாஜக் கட்சியின் கலாநிதி என்.எம். பெரேரா 1975 வரை நிதி அமைச்சராக இருந்தார். தேயிலை விற்று வரும் அந்நியச் செலாவணி உணவு இறக்குமதிக்குப் போதவில்லை. 1973ல் எண்ணெய் விலையும் ஏறியது. இறக்குமதி இறுக்கி மூடப்பட்டது. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு என எல்லாம் உள்நாட்டில் விளைய வேண்டும் என்ற நிலை வந்தது.

அந்தக் காலத்தை இரண்டு விதமாக ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் இருந்தவர்கள் பாணுக்கு வரிசையில் நின்றதைச் சொல்வார்கள். கடைகளில் துணியும் இல்லை, சாமானும் இல்லை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோவதைப் பிடிக்க வீதியில் தடை போட்டு மூடைகளைச் சோதித்தார்கள்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் படித்த வாலிபர்கள் மண்வெட்டி பிடித்து மிளகாய் நட்டார்கள். அந்தக் காசில் கல்வீடு எழும்பியது, மோட்டார் சைக்கிள் வந்தது, கலியாணங்கள் நடந்தன. அப்போது எங்கள் வாப்பா முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தார். நான் சிறுவன். கடையில் விற்பதற்குச் சாமான் குறைவு. ஆனால் வந்தவர்கள் கைக்காசு கொடுத்தே வாங்கினார்கள் என்று வாப்பா சொல்லுவார். கடன் கொப்பி மெல்லியதாக இருந்த காலம் அதுதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதே அரசாங்கம் பல்கலைக்கழகத் தரப்படுத்தலாலும் 1972 அரசியலமைப்பாலும் வடக்கு மக்களின் மனத்தை முறித்திருந்தது. இறக்குமதித் தடையால் லாபம் அடைந்த விவசாயி அந்த ஆட்சிக்கு நன்றிக்கடன் பட்டவராக இருக்கவில்லை. அந்த ஆட்சியும் அவரை நினைத்து அந்தத் தடையைப் போடவில்லை. டொலர் இல்லை, ஆகவே போட்டது. விவசாயிக்குக் கிடைத்தது தற்செயலான பாதுகாப்பு. தற்செயலாக வந்தது ஒரு நாள் தற்செயலாகவே போகும்.

1977: மதில் இறங்கிய வருடம்

1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நிதி அமைச்சர் ரொனி டி மெல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். பெரும்பாலான பொருட்களுக்கு இறக்குமதி அனுமதிப்பத்திரம் நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாகப் படிமுறையான தீர்வை வந்தது. இரட்டை நாணய மாற்று முறை நீக்கப்பட்டு, ஒரு டொலர் 16 ரூபாய் அளவில் வந்து நின்றது.

புறக்கோட்டை விழித்துக்கொண்டது. துணி, வானொலிப் பெட்டி, டின் சாமான், பிளாஸ்டிக் என்று லொறி லொறியாக ஊர்களுக்கு வந்தன. நமது சமூகத்தில் பலர் நிமிர்ந்த காலம் அது என்பதை மறுக்க முடியாது. எங்கள் வாப்பாவின் கடையிலும் தட்டுகள் நிரம்பின. அதுவரை சாக்கு மூடைகளை மட்டும் பார்த்த எங்களுக்குக் கண்ணாடி அலுமாரி வந்தது.

ஆனால் மறுபக்கமும் இருந்தது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு அனுமதிப்பத்திர முறை முற்றாக நீங்கவில்லை. எனினும் முன்பிருந்த மதில் இறங்கிவிட்டது. வெளிநாட்டுச் சரக்கு வந்தது, விலை விழுந்தது. உள்நாட்டுக் கைத்தறிகளும் ஊருக்கு ஊர் நின்றுபோயின.

இங்கேதான் வாப்பாவின் கொப்பி எனக்குப் பாடம் சொல்லித் தந்தது. கடை நிறையச் சாமான், வாங்க ஆட்களும் வந்தார்கள். ஆனால் வந்தவர்களின் கையில் காசில்லை. "அடுத்த போகத்துக்குத் தாறன் நானா" என்ற சொல் கூடியது. கொப்பி தடித்தது. மலிவாக வாங்கி மலிவாக விற்ற கடையில், கடன் மட்டும் விலையேறிக் கிடந்தது. ஒருநாள் வாப்பா உம்மாவிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "சாமான் மலிஞ்சது உண்மைதான். ஆனா என்ர கடைக்குச் சாமான் வாங்க வாறவனும் மலிஞ்சு போனான்."

கொழும்பில் இறக்குமதி செய்பவருக்குத் தீர்வை குறைந்தால் அது முழு லாபம். அவருடைய வாடிக்கையாளர் நாடு முழுவதும் இருக்கிறார். ஆனால் வன்னியில் கடை வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. அவருக்குச் சரக்குத் தருபவரும் விவசாயி, சரக்கு வாங்குபவரும் விவசாயி. தீர்வையின் இரண்டு பக்கமும் அவருடைய கடைக்குள்ளேயே இருக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பருத்திக்காரருக்கும் இரும்புக்காரருக்கும் தங்கள் பக்கம் பேச ஆளுங்கட்சியாகக்கூடிய ஒரு கட்சி இருந்தது. வன்னி விவசாயிக்கு அது இருக்கவில்லை. 1977ல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் பிரதான எதிர்க்கட்சியானது. ஆனால் அதன் முன் நின்ற கேள்வி வேறு. மிளகாய்த் தீர்வை பற்றி முடிவெடுத்த மேசையில் மிளகாய் விளைந்த மண்ணுக்கு ஒரு கதிரை இருக்கவில்லை.

கட்சிகள் இடம் மாறின

காலம் போகப் போகக் கட்சிகளின் நிறமும் மாறியது. மூடிய பொருளாதாரத்தின் கட்சி என்று பெயரெடுத்த சுதந்திரக் கட்சி, 1994ல் சந்திரிகா குமாரதுங்கவின் தலைமையில் திறந்த பொருளாதாரத்தை ஏற்றுக்கொண்டே ஆட்சிக்கு வந்தது. உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி அனுமதிப்பத்திர முறையை 1996ல் நீக்கியதும் அந்த ஆட்சிதான். இந்தியாவுடன் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் 1998 டிசம்பரில் கையெழுத்திட்டதும் அதே ஆட்சிதான். 1970ல் மதிலைக் கட்டிய கட்சியே 1996ல் அதை இடித்தது.

நாங்கள் அப்போது வன்னியில் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, வாப்பா கடையையும் கொப்பியையும் விட்டுவிட்டுப் புத்தளம் வந்தார். 2002 பெப்ரவரி யுத்தநிறுத்தத்தின் பின் ஏ9 பாதை திறந்தபோது, வியாபாரத்துக்காக நான் இந்த வழியால் போய்வந்தேன். ஓமந்தையில் அரசாங்கத்தின் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் புலிகளின் சோதனை. அவர்களின் ஆயப்பகுதி சரக்குகளுக்குத் தனியாக வரி அறவிட்டது. கொழும்புத் துறைமுகத்தில் தீர்வை கட்டிய அதே மூடைக்கு, புளியங்குளத்துக் காட்டு வீதியில் இரண்டாவது தீர்வை. அமெரிக்க அரசியலமைப்பு ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் சரக்குக்குச் சுங்கம் போடுவதை ஆரம்பத்திலேயே தடுத்துவிட்டது. அதன் அருமை ஒரே நாட்டுக்குள் இரண்டு சுங்கம் கட்டிய லொறிக்காரருக்குத்தான் தெரியும். அந்த இரண்டாவது தீர்வையும் யாழ்ப்பாணத்துச் சீனி விலையிலும் சீமெந்து விலையிலும் தான் போய் விழுந்தது.

நள்ளிரவு வர்த்தமானிகள்

2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் விசேட பண்ட வரி வந்தது. சீனி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு போன்ற அத்தியாவசியப் பொருட்களுக்குப் பல வரிகளுக்குப் பதிலாக ஒரே வரி. நோக்கம் நல்லது, கணக்கு இலகுவானது. ஆனால் அமைச்சர் ஒரு வர்த்தமானி அறிவித்தல் மூலம் நள்ளிரவில் அதை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்றானது. அமெரிக்காவில் மாதக் கணக்காக வாதாடிச் செய்ததை இங்கே ஒரு தாளில் செய்துவிடலாம்.

சீனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி ஒரு கிலோ வெள்ளைச் சீனிக்கான வரி 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அந்த அளவுக்குக் கடையில் விலை இறங்கவில்லை. அரசுக்கு 1,600 கோடி ரூபாய் அளவில் வருமானம் இல்லாமல் போனதாகக் கணக்காய்வு காட்டியது. 2023 நவம்பர் மாதத் தொடக்கத்தில் அதே வரி 25 சதத்திலிருந்து மீண்டும் 50 ரூபாயானது. குறைந்த வரியில் இறக்கி வைத்த சரக்கு, மறுநாள் கூடிய விலைக்குப் போனது. வரி குறைந்தபோது லாபம் சரக்கு இறக்கியவருக்கு, கூடியபோதும் லாபம் சரக்கு வைத்திருந்தவருக்கு. சில்லறைக் கடைக்காரர் இரண்டு தடவையும் வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கினார்.

தடைக்கு உதாரணம் மஞ்சள். 2019 முடிவில் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2020ல் ஒரு கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போனது. மன்னார், கற்பிட்டிக் கரைகளில் கடத்தல் மஞ்சள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வந்தது. உழுந்தும் பயறும் அதே காலத்தில் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. வன்னி உழுந்துக்கு இதுவரை காணாத விலை வந்தது உண்மை. அறுவடைக்கு முன்பே கடன்காரருக்கு விற்றுவிட்ட விவசாயிக்கு அந்த விலை போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை.

இந்த விடயத்தில் எந்தக் கட்சியும் விதிவிலக்கல்ல. 2024 டிசம்பரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது தேசிய மக்கள் சக்தி அரசாங்கம் தனியாருக்கு அரிசி இறக்குமதியைக் குறுகிய காலத்துக்குத் திறந்தது. ஆனால் கிலோவுக்கு 65 ரூபாய் வரியை எடுக்கவில்லை. தேநீர்க்கடைத் தம்பிக்கு ஒரு கையும் நெடுங்கேணி அண்ணைக்கு ஒரு கையும் காட்டிய முடிவு அது. யார் ஆட்சியில் இருந்தாலும் இந்த இரண்டு பேரும் வாசலில் நிற்கத்தான் செய்வார்கள்.

நான் கொடுத்த கட்டணம்

எனது சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்து நான் இங்கே கடை போட்ட சில வருடங்களில், மொத்த வியாபாரி ஒருவர் தொலைபேசியில் பேசினார். "நானா, இந்தக் கிழமை வெங்காய வரி கூடுது. நம்பிக்கையான இடத்துச் செய்தி. இப்பவே எடுத்துப் போடுங்கோ." நான் மனைவியின் நகையை அடகு வைத்து, நண்பரிடமும் கைமாற்று வாங்கி, 150 மூடை பெரிய வெங்காயம் இறக்கினேன்.

வர்த்தமானி வந்தது. அந்தச் செய்தி பொய்யில்லை. திசைதான் பிழை. வரி குறைந்தது. என் கடைக்கு எதிரே இருந்தவர் என் வாங்கிய விலைக்கும் கீழே விற்றார். மழைக்காலம் வேறு. மூடைகள் முளைவிட்டன, அழுகின. கடைசி மூடைகளை மாட்டுக்குப் போட்டேன். நகையைத் திருப்ப ஒன்றரை வருடம் எடுத்தது.

ஆனால் நட்டத்தை விட வேறொன்று என்னைக் குத்தியது. வரி கூடியிருந்தால் என்ன செய்திருப்பேன்? அந்த 150 மூடையையும் வைத்து, என்னிடம் தினமும் கால் கிலோ வாங்கும் ஊர்ச்சனத்திடம்தான் அந்த லாபத்தைப் பிடித்திருப்பேன். விலையேறட்டும் என்று அத்தியாவசியச் சரக்கைப் பதுக்குவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தடுத்திருக்கிறது. நட்டப்பட்டதால் நான் அந்தப் பாவத்தில் இருந்து தப்பினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

நாட்டின் தீர்வையை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் நமது கடையை நடத்தும் விதத்தைத் தீர்மானிக்கலாம். எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கடைச் சுவரில் அறுவடை நாட்காட்டி ஒன்றை எழுதி வையுங்கள். வன்னியில் உழுந்து தை, மாசியில் வரும். காலபோக நெல் அதையொட்டி வரும். தம்புள்ளைப் பெரிய வெங்காயம் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை வரும். அறுவடை நெருங்கும்போது விவசாயி குரல் கொடுப்பார், வரி ஏறும் சாத்தியம் கூடும். பண்டிகை நெருங்கும்போது நுகர்வோர் குரல் கொடுப்பார், இறங்கும் சாத்தியம் கூடும். இது சட்டமல்ல, அனுபவம்.

இரண்டாவது, வர்த்தமானியை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். வரி மாறக்கூடிய பொருட்களை இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் தேக்கி வைக்க வேண்டாம். ஏறும் என்று சொல்பவர் தன் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா என்றும் யோசியுங்கள்.

மூன்றாவது, உங்கள் விற்பனையில் எத்தனை பங்கு விவசாயக் காசு என்று ஒரு தடவை கணக்குப் பாருங்கள். கொப்பியை எடுத்து, கடன் வைத்திருப்பவர்களின் தொழிலைப் பக்கத்தில் எழுதினாலே போதும். பாதிக்கு மேல் என்றால், மலிவான இறக்குமதி வரும் நாளில் சந்தோஷப்படுவதற்கு முன் அந்தக் கொப்பியை ஒரு தடவை பாருங்கள்.

நான்காவது, அறுவடை நேரத்தில் விவசாயியிடம் நேரடியாக, நிறை பிழையில்லாமல், கைக்காசுக்கு வாங்குங்கள். நன்றாகக் காய வைத்து, கல் மண் நீக்கித் தந்தால் கிலோவுக்கு இவ்வளவு கூடத் தருவேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தரமான சரக்குக்குத் தீர்வை மதில் சற்றுக் குறைந்தாலும் சந்தை இருக்கும்.

ஐந்தாவது, தேர்தல் காலத்தில் எந்தக் கட்சிக்காரர் கடைக்கு வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பொருளுக்கு? எவ்வளவு? எத்தனை வருடத்துக்கு? அந்தக் காசு கடைசியில் யார் கைக்குப் போகும்? 'விவசாயியைப் பாதுகாப்போம்', 'வாழ்க்கைச் செலவைக் குறைப்போம்' என்று ஒரே மேடையில் இரண்டையும் சொல்பவரிடம் இந்தக் கேள்விகள் அவசியம்.

தூரத்துத் தீர்வையும் நம்மைத் தேடி வரும் என்பதற்கு அண்மைய சாட்சி ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது ஏற்றுமதிகளுக்கு 44 வீதத் தீர்வையை அறிவித்தது. பேச்சுவார்த்தையின் பின் அது ஓகஸ்டில் 20 வீதமாக்கப்பட்டது. அந்த மாதங்களில் வவுனியா, கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் என் கடையில் சாமான் வாங்கும்போதே அதைப் பற்றித்தான் பேசினார்கள். அதை அறிவித்தது மெக்கின்லியின் அதே குடியரசுக் கட்சிதான். அந்தக் கட்சியின் ஜனாதிபதி ட்ரம்ப் மெக்கின்லியைப் புகழ்ந்து பேசுபவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இனி நமது வாசலுக்குத் திரும்புவோம். அன்று எது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரையும் கடைக்குள் அழைத்து உட்கார வைத்தேன். விவசாயியின் உழுந்தில் இரண்டு மூடையைத் தேநீர்க்கடைத் தம்பி நேரடியாக எடுப்பது, நான் நிறுத்துக் கொடுத்துக் கூலி மட்டும் எடுப்பது என்று பேசி முடித்தோம். அண்ணைக்கு நான் கொடுக்கும் விலையை விடக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. தம்பிக்கு நான் விற்கும் விலையை விடக் கொஞ்சம் குறைந்தது. எனக்கு அந்த இரண்டு மூடையில் லாபம் குறைவுதான். ஆனால் அண்ணை அந்தக் காசிலேயே என்னிடம் சீனியும் மாவும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு போனார். கொப்பியில் எழுத வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், கடன் கொப்பியை எப்படி ஒழுங்காக வைத்திருப்பது என்பதைப் பற்றிப் பார்ப்போம்.